சைன் 30 எவ்வளவு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆம்பூரில் நண்பர்களோடு சேர்ந்து ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறான். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தைக் கொடுத்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களை அது காட்ட வேண்டும்.

"சார், ஊருக்குள்ளேயே நாற்பது பேர் இருக்காங்க. ஒருத்தர் பேர்கூட வரமாட்டேங்குது. சூத்திரம் சரியாத்தான் இருக்கு சார்."

"ஆம்பூர்ல இருந்து வேலூர் எவ்வளவு தூரம்னு கேட்டுப் பாருப்பா" என்றேன்.

நேர்கோட்டில் 47 கி.மீ. வர வேண்டும். வந்தது 2,634!

சூத்திரத்தைப் படிக்கச் சொன்னேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் கோணங்கள், தூரங்கள் அல்ல. தீர்க்கரேகையில் ஒரு பாகை என்பது பூமத்திய ரேகையில் 111 கி.மீ., நம் வேலூர்ப் பக்கம் சுமார் 108 கி.மீ.தான். அதைச் சரிக்கட்டத்தான் காஸ் வருகிறது. எல்லாம் சரியாகவே எழுதியிருந்தான்.

"இப்போ சைன் 30 மட்டும் கேளு."

"மைனஸ் 0.988 சார்!"

அரை வர வேண்டிய இடம். எஸ்கியூஎல்லில் சைன், காஸ் இரண்டுக்கும் பாகை தெரியாது, ரேடியன்தான் தெரியும். 30 என்றால் 30 ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். தப்பு என்றும் சொல்லாது. தூரம் ஏறக்குறைய 57 மடங்காகிவிடும். ஒவ்வொரு கோணத்துக்கும் ரேடியன்ஸ் என்ற சார்பைப் போட்டதும் 47 வந்தது. நாற்பது பேரும் வந்தார்கள்.

அவன் சந்தோஷமாகப் போனை வைத்தான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவசரமாக ரத்தம் தேடும் ஒரு ராத்திரியில் அந்தத் திரை வெறுமையாக இருந்திருந்தால்?

பிளஸ் ஒன்னில் ரேடியன் நடத்தும்போது "பை என்றால் 180, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனவன் நான். தோல் ஊரில் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கலாம்! ஒரு சக்கரத்தின் ஆரம் அளவுக்குத் தோல் வார் ஒன்று வெட்டி, அதை விளிம்பின் மேல் வளைத்து வையுங்கள். அது மையத்தில் அடைக்கும் கோணம்தான் ஒரு ரேடியன். முழுச் சுற்றுக்கு அப்படி ஆறு வாரும் இன்னும் கால்வாரைவிடச் சற்று அதிகமும் வேண்டும். ரேடியனை ஆரத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். பூமிக்கு ஆரம் 6,371 கி.மீ. அவன் சூத்திரத்தின் கடைசியில் இருந்த பெருக்கலும் இதுதான்.

"இதெல்லாம் எங்க சார் உதவும்?" என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டபோது, "பப்ளிக்ல மார்க் வரும், உட்காரு" என்றேன். சென்னைப் பரங்கிமலை அருகே 1802-ல் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளக்கத் தொடங்கிய கதையையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பையன் இதைப் படித்தால் என்னை மன்னித்துக்கொள்ளட்டும்.

கணினியில் வேலை செய்யும் பிள்ளைகளே, சூத்திரத்தை நம்பும் முன் விடை தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளே, "எங்க உதவும்?" என்று கேட்கிற குழந்தையை உட்காரச் சொல்லாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.