தொப்புள்கொடி

மகள் 25ஆவது வாரத்தில், 710 கிராம் எடையில் பிறந்தாள். மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து மாமா அழைத்தார். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, கொடிய எடுத்து வைக்கச் சொன்னியா?”

அவருடைய பேத்தியின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சென்னையில் ஒரு தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமித்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. “இல்ல மாமா” என்றேன். “சரி, விடு” என்றார். அந்த “விடு”வை என்னால் வெகுநாள் விட முடியவில்லை.

25 வாரத்தில் நுரையீரலில் காற்றறைகள் உருவாகியிருக்காது. உயிரைக் காக்கும் வென்டிலேட்டரும் ஆக்சிஜனுமே அந்த இளந்திசுவைப் புண்ணாக்கவும் செய்யும். 1967இல் அமெரிக்காவில் வில்லியம் நார்த்வேயும் சகாக்களும் இந்நோயை முதலில் விவரித்து, பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயரிட்டார்கள். வார்டில் சுருக்கமாக பி.பி.டி. நூற்றுநான்காம் நாள் மகள் வீட்டுக்கு வந்தபோது மூக்குக் குழாயும் ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே வந்தன. லண்டன் குளிரில் ஜன்னலை மூடிக்கொண்டு, அவள் காலில் ஒட்டிய கருவி காட்டும் எண்ணைப் பார்த்தபடி நானும் மனைவியும் முறைவைத்து விழித்திருந்தோம்.

மாமா மறுபடி அழைத்தார். இந்தியாவில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், நுரையீரல் புதிதாக வளருமாம். தொகையைச் சொன்னார். கடன் வாங்கினால் முடியும். விமான டிக்கெட் விலைவரை பார்த்துவிட்டேன். மனைவிதான் கேட்டாள்: “சரி, போட்டு யாருக்குச் சரியாச்சுன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. சோதிக்காத மென்பொருளை வெளியிடாதீர்கள் என்று அடுத்தவருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அதன்பிறகு இரவுகளில் வாசித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் ஆய்வுக்கு வெளியே தரக்கூடாது என்கின்றன. உண்மையான ஆய்வு சியோலில் நடந்திருந்தது. சாம்சங் மருத்துவ மையத்தில் ஒன்பது குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியாகச் செல்களைச் செலுத்தி, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் செல்கள் நுரையீரலாக மாறுவதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, திசு தானே ஆறுவதற்கு உதவும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஒன்பது பேருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. அந்த ஆய்வு கேட்ட கேள்வியும் அவ்வளவுதான்.

அதில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். அந்தச் செல்கள் அந்தக் குழந்தைகளுடையவை அல்ல. முன்பின் அறியாத யாரோ ஒரு குழந்தையின் கொடி ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்தவை. எங்கள் மகளின் கொடியைச் சேமித்திருந்தாலும் இதற்கு அது தேவைப்பட்டிருக்காது. அன்றிரவு மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் அழுதாள். மாமா கேட்டது அவளையும் அரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொப்புள்கொடி உறவு என்று நாம் சொல்வது ரத்த பந்தத்தை. ஆனால் என் மகளைக் காப்பாற்றியவர்கள் எல்லோரும் அந்நியர்கள். பிரசவத்துக்கு முன் மனைவிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியின் பலனை 1972இல் ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹவியும் வெளியிட்டார்கள். அதற்காக ஆய்வில் சேர்ந்த தாய்மார்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பிறந்ததும் மகளின் நுரையீரலில் விட்ட சர்ஃபாக்டன்ட், பன்றி நுரையீரலிலிருந்து எடுத்தது. அம்மாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

மகளுக்கு நான்கு வயதானபோது, 2021இல், சியோலின் அடுத்த முடிவு வந்தது. 66 குழந்தைகள், பாதிப்பேருக்குச் செல்கள், பாதிப்பேருக்கு உப்புநீர். முதன்மைக் கேள்விக்கான விடை: குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 23, 24 வாரங்களில் பிறந்தவர்களிடம் மட்டும் கடுமையான பாதிப்பு குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது சிறு எண்ணிக்கை. இன்னும் சோதிக்க வேண்டும்.

கசந்தது. ஆனால் “வேறுபாடு இல்லை” என்பது எப்போதும் கடைசி வார்த்தை அல்ல என்பதற்கு லண்டனிலேயே சான்று உண்டு. சிறுசிறு அதிர்வுகளாகக் காற்றைத் தரும் வென்டிலேட்டர் முறையை 797 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, வழக்கமான முறையைவிட மேல் அல்ல என்று 2002இல் அறிவித்தார்கள். கிங்ஸ் காலேஜின் ஆன் கிரீனோ குழுவினர் அவர்களில் 319 பேரை 11 முதல் 14 வயதுக்குள் மீண்டும் சோதித்தார்கள். அதிர்வு முறையில் வளர்ந்தவர்களின் சிறு மூச்சுக்குழாய்கள் சற்று மேலாக இயங்கின. 2014இல்தான் அது தெரியவந்தது. பள்ளி நாளில் விடுப்பெடுத்துக் குழாயில் ஊத வந்த பிள்ளைகளால் கிடைத்த விடை அது.

மகள் இப்போது சனிக்கிழமைதோறும் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். மற்றவர்கள் ஒரே மூச்சில் பாடுவதை இவள் இரண்டு மூச்சில் பாடுவாள். டீச்சர் முதலில் திருத்தினார்; இப்போது அவள் மூச்சு வாங்கும் இடத்தில் தாளத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறார்.

சென்ற மாதம் மருத்துவமனையில் நுரையீரல் சோதனை. அவளுடைய அளவீடுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு படிவம் தந்தார்கள்.

“எதுக்குப்பா?” என்றாள்.

“இனிமே பிறக்கப்போற பாப்பாங்களுக்கு.”

“நமக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்லம்மா.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.