மூன்று தாள்கள், மூன்று பெயர்கள்

எட்டியாந்தோட்டைக்கு அண்மையில், இறப்பர்த் தோட்டமொன்றின் லயக் காம்பராவில், ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளியான அம்மாள் ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து மூன்று தாள்களை எம்முன் வைத்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவர் மீனாட்சி. அடையாள அட்டையில் மீனாச்சி. சேமலாப நிதிப் பத்திரத்தில் வெறும் மீனா. (பெயரை மாற்றியே தருகிறோம்.) "நான் ஒரு ஆள்தானே மாஸ்டர்?" என்றார். பெயர் பொருந்தவில்லையென்று அவருடைய விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து இருமுறை திரும்பிவிட்டது.

தோட்டத்து மக்களுக்குக் காகிதம் வெறும் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டது. பதியப்படாத பிறப்புக்குச் சான்று எங்கிருந்து வரும்? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரின் தலைவிதியைப் பேசிற்று: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிற்பாடு. 2003ஆம் ஆண்டுச் சட்டமே மிகுந்தோருக்கு வழி திறந்தது.

இக்கதையை அறிந்த எம் பழைய மாணவர் இருவர், ஆவணப் படங்களிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் கணினி முறையொன்றைக் கொண்டுவந்தனர். சொல்லோடு, அது தாளில் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கற்பதே இம்முறை. 2020இல் வெளிவந்த லேஅவுட்எல்எம் என்னும் மாதிரி 1 கோடியே 10 இலட்சம் பக்கங்களைப் பார்த்துப் பழகியது. இவ்வாறு பழகிய இயந்திரத்துக்கு நம் வகைத் தாள்கள் சிலவற்றைக் குறித்துக் காட்டினாலே போதுமாம்.

அந்தப் பக்கங்கள் யாருடையவை? அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் வழக்குகளின் விளைவாக வெளியிட நேர்ந்த பத்திரங்கள்! பின்னர் ஏழு மொழிகளில் படிவங்களைத் திரட்டிய எக்ஸ்ஃபண்ட் என்ற தொகுப்பிலும் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை.

உரியவர் இசைவுடன் பன்னிரண்டு தாள்களைக் குறித்துக் கொடுத்தோம். தெளிவானவற்றையே தேர்ந்தோம், முன்வரிசை மாணவனையே கேள்வி கேட்கும் எம் பழைய வழக்கம்! பூஞ்சணம் பிடித்த தாள் வந்ததும் இயந்திரம் தோட்டத்தின் பெயரைத் தந்தையின் பெயராக்கியது. மடிந்த, மை கரைந்த தாள்கள் நான்கை மாதிரிகளிற் சேர்த்தபின் பிழை குறைந்தது.

மற்றொரு பிழை நுண்ணியது. அடையாள அட்டையின் 'மீனாச்சி'யை இயந்திரம் 'மீனாட்சி' என்றே எழுதிற்று. தமிழ் அறிந்துவிட்டதென்று முதலில் மகிழ்ந்தோம். பிறகே உறைத்தது: அது கண்டதை எழுதவில்லை, எதிர்பார்த்ததை எழுதியிருந்தது. மூன்று பெயரும் ஒருவரையே குறிக்குமென்று சத்தியக் கடதாசி முடிக்க, மூன்றும் எழுதியுள்ளவாறே வேண்டும். அந்தப் பிழைதான் அம்மாளின் வழக்கு. அதைத் திருத்திவிட்டால் அவர் எதைக் காட்டி வாதாடுவார்?

இயந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தின் தாள்களையெல்லாம் விரைவில் அட்டவணையாக்க அது உதவும். ஆயின் எந்தச் சில தாள்களைக் காட்டுவது, எதைத் திருத்தாது விடுவது என்பதை இம்மக்களை அறிந்த ஆசிரியரும் மாணவருமே தீர்மானிக்க வேண்டும். அவ்வேலையைப் புகையிலைக் கம்பெனியின் கோப்புகள் செய்யமாட்டா.

அம்மாளின் சத்தியக் கடதாசிக்கு மூன்று பெயர்களையும் தாள்களைப் பார்த்து நாமே கையால் எழுதிக் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை.