முட்டி மடக்கிய மலை

பனி விலகிய காலைகளில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் நின்றால் எதிரே ஒரு கை தெரியும். முட்டி மடக்கிய கை. விரல் கணுக்களைப் போல வரிசையாகச் சிகரங்கள். அந்தச் சாயலைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அந்த மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தான். சிங்களத்தில் தும்பற மலை. 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக்கியபோது நக்கிள்ஸ் வனமும் அதற்குள் வந்தது. மடுல்கெல்லயில் நான் வளர்ந்த காலத்தில் இந்தப் பெருமையெல்லாம் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது மழை வரும் திசை, அவ்வளவுதான். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "அந்தப் பக்கம் இருட்டுதுடா, துணிய எடுத்து உள்ள போடு" என்று கத்திவிட்டு மலைக்கு ஓடுவாள்.

எனக்கு அந்தக் கையைக் காட்டிக்கொடுத்தது ஒரு டிவி கேம்.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில என்று வளைந்து வளைந்து ஏறும் பஸ் எங்கள் கடைவீதியில் வந்து மூச்சு வாங்கும். அந்தக் கடைவீதியில் ரேடியோவும் டோர்ச்சும் திருத்துகிற நானா ஒருவர் இருந்தார். 2000ஆம் ஆண்டு வாக்கில் அவர் தன் கடையின் பின்னறையில் ஒரு பழைய டிவியையும் பல கை மாறி வந்த பிளேஸ்டேஷன் ஒன்றையும் வைத்தார். அரை மணிக்கு 15 ரூபா. அறையில் ஒரேயொரு வாங்கு. ஈயம் உருகும் வாசமும் நனைந்த குடைகளின் வாசமும் எப்போதும் கலந்து கிடக்கும். விளையாடுகிறவர்கள் இரண்டு பேர். தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்கள் பதினைந்து பேர். பார்ப்பதற்குக் காசு வாங்காதது நானா செய்த தர்மம்.

நாலைந்து தட்டுகள் வைத்திருந்தார். மற்றதெல்லாம் உறையில் தூங்க, டெக்கன் 3 மட்டும் பெட்டிக்குள் ஓயாமல் சுழன்றது. ஜப்பானின் நம்கோ நிறுவனம் 1994இல் தொடங்கிய சண்டை விளையாட்டு வரிசை அது. மூன்றாவது பாகம் 1997இல் ஆட்டக்கூடங்களுக்கும் 1998இல் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. எங்களிடம் வந்துசேர மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. எங்கள் மலைக்கு எதுவுமே பிந்தித்தான் வரும், சம்பள உயர்வைப் போல.

விளையாட்டுக்குள் நடக்கும் போட்டியின் பெயரில் 'ஃபிஸ்ட்' என்றொரு சொல் வரும். அர்த்தம் தெரியாமல் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டினேன். மடக்கிய கை. டெக்கன் என்ற ஜப்பானியச் சொல்லுக்கே இரும்பு முஷ்டி என்றுதான் பொருள் என்பது பிறகு தெரிந்தது. அகராதியில் விரல் முட்டியைத் தேடிப் போனால் அங்கே நிற்கிறது எங்கள் மலையின் பெயர். மறுநாள் காலை இஸ்தோப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து ஒரு முஷ்டிக்கு எதிரில் பல் துலக்கியிருக்கிறோம், அது தெரியாமலே.

டெக்கன் எங்களைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் கணக்கு. மற்றச் சண்டை விளையாட்டுகளில் மெல்லிய அடிக்கு ஒரு பட்டன், பலத்த அடிக்கு ஒரு பட்டன் என்று இருக்கும். டெக்கனில் நாலு பட்டன், நாலு கைகால். சதுரம் இடக்கை, முக்கோணம் வலக்கை, பெருக்கல் குறி இடக்கால், வட்டம் வலக்கால். ஆங்கிலம் வேண்டாம், புத்தகம் வேண்டாம். தன் உடம்பு தெரிந்தவனுக்கு விளையாட்டும் தெரியும்.

ஆட்டக்காரர்களுக்கு நாங்கள் எங்கள் வாய்க்கு வந்தபடி பெயர் வைத்துக்கொண்டோம். கபொய்ரா ஆடும் பிரேசில்காரன் எடி கோர்டோ எங்களிடம் 'எட்டி' ஆனான். இரண்டு கால் பட்டன்களையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலே போதும், தலைகீழாய் நின்று சுழன்று சுழன்று உதைப்பான். "எட்டி எட்டி ஒதைக்கிறான்ல, அதான் அந்தப் பேரு" என்று ஒரு பையன் சத்தியம் செய்தான். வாள் வைத்திருந்த யோஷிமிட்சு 'யோசிமிட்டாய்' ஆனான். மாசி மாதக் காமன் கூத்தில் வேஷம் கட்டுகிற மாமா ஒருநாள் எட்டிப் பார்த்தார். சிறுத்தைத் தலை முகமூடியோடு கிங் ஆடிக்கொண்டிருந்தான். "மூஞ்சி கட்டுனவன் அடவு சுத்தமா இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கிங்கை எடுக்கப் போட்டி.

கதையும் எங்களுக்குப் பக்கத்துக் கதை போலத்தான் இருந்தது. ஹெய்ஹாச்சி என்ற தகப்பன் தன் ஐந்து வயது மகன் கசுயாவை மலை விளிம்பிலிருந்து கீழே எறிகிறான். என் பிள்ளையென்றால் ஏறி வரட்டும் என்று. ஏறி வந்த மகன் பிற்காலத்தில் அதே தகப்பனைத் தூக்கி எறிகிறான். மூன்றாம் பாகத்தில் தாத்தா ஹெய்ஹாச்சி பேரன் ஜின்னைச் சுடுகிறார். இதைக் கேட்ட அம்மா, "பெத்தவன் செய்யிற வேலையா இது" என்று பதறினாள். மழை நாளில் சரிவில் கால் வழுக்கி, கூடையோடு பத்தடி உருண்டவள் அவள். விளிம்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

டெக்கன் 3ஐப் புதிதாகத் திறந்தால் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஒருவனைக் கொண்டு கடைசிவரை வென்றால் இன்னொருவன் வெளியே வருவான். இப்படி ஒவ்வொருவராக மீட்க வேண்டும். மீட்டவர்களைச் சேமித்து வைக்க மெமரி கார்ட் என்றொரு சின்ன அட்டை தேவை. நானாவிடம் அது இல்லை. ஆகவே தினமும் காலையில் பத்துப் பேர். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் போகும்போது பெரிய கூட்டம்.

அப்போது பார்த்து வந்தது கரண்ட் கட். 2001, 2002 வாக்கில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. எங்கள் மலையில் பெய்கிற மழை ஹுலு கங்கையாய் இறங்கி விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது; அங்கிருந்து கரண்டாகி எங்கெங்கோ போகிறது. எங்கள் லயத்துக்கு அன்றைக்கு இன்னும் கம்பி வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த கரண்டெல்லாம் நானாவின் பின்னறையில் இருந்ததுதான். அது போனால் அறை இருளும். மீட்டவர்கள் அத்தனை பேரும் அழிந்துபோவார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் அழிகிற வருத்தம் எங்களுக்குப் புதிதில்லை என்றாலும் அந்த இருட்டில் ஒரு பெருமூச்சு எழும் பாருங்கள், அது தமிழா சிங்களமா என்று பிரிக்க முடியாது. தோட்டத்துப் பையன்கள் தமிழில் திட்ட, கிராமத்துப் பையன்கள் சிங்களத்தில் பதில் சொல்ல, நானா இரண்டிலும் சமாதானம் செய்வார்.

அந்த அறையின் ராஜா என் பெரியம்மா மகன். என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணனுக்கு ஆள் என்றால் போல் ஃபீனிக்ஸ்தான். தென்னங்குருத்தைப் போலத் தலைமயிர் செங்குத்தாய் நிற்கும் அமெரிக்கன். அவனுக்கென்று ஒரு குத்து உண்டு. கீழ், கீழ்ச்சாய்வு, முன், கூடவே முக்கோணம். விழுந்தால் எதிரியின் உயிர்க்கோட்டில் பெரிய பகுதி காலி. அதை எல்லாரும் அடிப்பார்கள். அண்ணன் அடிக்கிற விதம் வேறு. சட்டென்று இரண்டு எட்டு பின்னால் துள்ளுவார். எதிராளி என்னவோ ஏதோ என்று ஒரு கணம் தயங்குவான். அந்தக் கணத்தில் இறங்கும் குத்து. அந்த இரண்டு எட்டை நாங்கள் ஒரு வித்தையாகவே படித்தோம். கொன்ட்ரோலர் இல்லாத நேரங்களில் பெரட்டுக்களத்து ஓரத்தில் நிஜமாகவே துள்ளிப் பழகினோம்.

பிறகு எல்லா வீடுகளிலும் நடந்ததுதான் நடந்தது. அண்ணன் கொழும்பில் ஒரு புடவைக்கடைக்குப் போனார். ஒரு தீபாவளிக்கு வந்தார், மறு தீபாவளிக்குக் காசு மட்டும் வந்தது. அதன்பின் கட்டாருக்குப் போய்விட்டார். நானாவின் பின்னறையில் அரிசி மூட்டைகள் ஏறின. நான் கண்டிக்கு வந்துவிட்டேன்.

2024 ஜனவரி 26ஆம் திகதி டெக்கன் 8 வெளிவந்தது. விலை 70 டொலர். அன்றைய மதிப்பில் 22,000 ரூபாவுக்கு மேல். அப்போது தோட்டத்தில் ஒரு பேருக்கு 1,000 ரூபா. பழக்கதோஷத்தில் மனம் கணக்குப் போட்டது: இருபத்திரண்டு பேர். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் சீட்டுப் பிடிக்கிற மாதிரி பங்கு போட்டு அதை வாங்கியிருந்தார்கள். இயந்திரமும் தட்டும் வாரத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். அக்கா வீட்டு முறை வந்தபோது நான் போனேன்.

ஆட்களின் தோலில் வியர்வை தெரிகிறது. தரையில் கல் பெயர்கிறது. 32 பேரும் முதல் நாளே திறந்து நிற்கிறார்கள். யாரையும் மீட்க வேண்டியதில்லை. மீதிப்பேர் பின்னால் ஒவ்வொருவராகக் காசுக்கு வருகிறார்கள். எங்கள் எட்டிகூட அந்த ஏப்ரலில் தனியாக விற்பனைக்கு வந்தான். ஏழாம் பாகத்தில் மகன் கையால் எரிமலைக் குழம்பில் விழுந்து செத்த ஹெய்ஹாச்சி அதே வருஷம் ஒக்டோபரில் திரும்பி வந்தார். சண்டை இப்போது கசுயாவுக்கும் ஜின்னுக்கும். மறுபடியும் தகப்பனும் மகனும்தான். 'ஹீட்' என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். சுற்றுக்கு ஒருதரம் ஆள் கொதித்து எழுவான். தடுத்துக்கொண்டு நிற்பவனுக்கும் உயிர் கரையும். பதுங்கியிருந்தால் பிழைப்பில்லை. மூன்றாம் பாகத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த டெக்கன் பந்தாட்டமும் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பேசுகிறார்கள். ஜப்பானியத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், கரடி உறுமினாலும் புரிகிறது. "இதெப்படி மாமா, ஆளுக்கொரு பாஷையில பேசிக்கிறாங்க?" என்று மருமகன் சிரித்தான். நானாவின் பின்னறையைப் பற்றி அவனுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

அவனுடைய தலைவன் லாகூர்க்காரன் அர்ஸ்லான் ஆஷ். 2019இல் ஜப்பானிலும் பிறகு லாஸ் வேகாஸிலும் ஈவோ போட்டிகளை வென்று, கொரியாவையும் ஜப்பானையும் தவிர வேறெதையும் பார்க்காத டெக்கன் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவன். 2024இல் எட்டாம் பாகத்திலும் ஈவோ பட்டம் அவனுக்கே. லாகூரின் நெருக்கடியான ஆட்டக்கூடங்களில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வளர்ந்த ஆட்டம் அது என்று மருமகன் விளக்கினான். தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பதினைந்து பேரை நான் நினைத்துக்கொண்டேன்.

"நீங்களும் ஒருக்கா அடிங்க மாமா."

போலைத் தேடினேன். செங்குத்துத் தலைமயிர் படிந்துபோய், தோளில் விழுந்து கிடந்தது. வயதாகிவிட்டது, பாவம். இருபது வருஷத்துக்கு மேல் கொன்ட்ரோலரைத் தொடாத என் கட்டைவிரல் தன்பாட்டுக்கு நகர்ந்தது. கீழ், கீழ்ச்சாய்வு, முன், முக்கோணம். அதே குத்து. அதே அசைவில். எட்டுப் பாகம் வந்தும் அதை அவர்கள் மாற்றவில்லை. மருமகன் வாயைப் பிளந்தான். அடுத்த சுற்றுகளில் என்னைத் துவைத்து எடுத்தான் என்பது வேறு விஷயம்.

பிறகு அவன் ஒரு வேடிக்கை காட்டினான். நாம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்து, நம்மைப் போலவே ஆடும் ஓர் உருவை இந்த எட்டாம் பாகம் உண்டாக்குகிறது. 'கோஸ்ட்' என்று பெயர், ஆவி. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் அடுத்தவனுடைய ஆவியை இறக்கி அதோடு மோதலாம். "ஒங்க ஆவி ரெடி மாமா" என்று என்னுடையதோடு மோதத் தொடங்கினான்.

திரையில் நான். அசட்டுத்தனமாய் முன்னே போய் அடி வாங்குகிறேன். எழுகிறேன். திடீரென்று இரண்டு எட்டு பின்னால் துள்ளுகிறேன். பிறகு குத்து. மருமகன் அதில் ஒரு சுற்று விழுந்தான்.

"இந்தப் பின்னால போற டெக்னிக் நல்லாருக்கே, எங்க பழகுனீங்க?"

அன்றிரவு கட்டாருக்கு எடுத்தேன். அண்ணன் பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெக்கன் என்றதும் முதலில் அவருக்கு விளங்கவே இல்லை. நானாவின் கடை என்றதும் விளங்கியது. அந்த இரண்டு எட்டைச் சொன்னேன். இப்போது அது இயந்திரத்துக்குள் ஏறிவிட்டதையும் சொன்னேன். சோற்றை வாயில் வைத்தபடியே சிரித்தார்.

"அது டெக்னிக்கும் இல்ல, மண்ணும் இல்லடா தம்பி. நானா வச்சிருந்த ரெண்டாவது கொன்ட்ரோலர் ஞாபகமிருக்கா? பேரே அழிஞ்சு போனது. அதுல முன் பட்டன் லேசுல அமுங்காது. கிட்ட நின்னு அடிச்சா பிசகிப் போகும். அதான் பின்னால போய் ஒரு தம் புடிச்சு அமுக்குவேன்."

"நாங்க அத வித்தைன்னு நெனச்சி பெரட்டுக்களத்துல துள்ளுனோமே?"

"நீங்க துள்ளுனத நானும் பார்த்தேன். சொல்லி ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

மறுவாரம் இயந்திரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. போகுமுன் என் ஆவியை அழித்துவிடவா என்று மருமகன் கேட்டான். இருக்கட்டும் என்றேன். கட்டுகஸ்தோட்டையின் ஏதோ ஒரு வீட்டில், பழுதே இல்லாத புத்தம்புதுக் கொன்ட்ரோலர் பிடித்த பையன்களுக்கு எதிரே, மடுல்கெல்லயில் அமுங்காத ஒரு பட்டனுக்காக அது இன்னமும் இரண்டு எட்டு பின்னால் போய்க்கொண்டிருக்கும்.