காகிதக் கூடை

நமக்குக் கைவேலை வராது. இதை ஒரு குறையாக நாம் நெடுங்காலம் எண்ணியதே இல்லை. பேனா பிடிக்கத் தெரிந்தவனுக்குச் சுத்தியல் எதற்கு என்பது நம்முடைய கட்சி. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் ஆள் கூப்பிடுவதுதான் வழக்கம். ஆள் வராத ஒரு நாளில் நாமே அடிக்கத் துணிந்து, ஆணியை விட்டுவிட்டுக் கட்டைவிரலை அடித்துக்கொண்ட பிறகு, அந்தக் கட்சி இன்னும் வலுப்பட்டது. இப்பேர்ப்பட்ட நாம் வீட்டுக் கைத்தொழிலைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம் என்றால், அதற்குக் காரணம் ஒரு கூடையும், அந்தக் கூடையால் நமக்கு நேர்ந்த அவமானமுந்தான்.

நம் குமாரி நாலாவது வகுப்பில் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, "அப்பா! வேண்டாத சாமான்களைக் கொண்டு கையால் ஏதாவது செய்து நாளைக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். பள்ளிக்கூடத்தில் சொன்னது பத்து நாளைக்கு முன்னால். நமக்குச் சொன்னது அப்போது. உடனே ஓடினோம், கடைக்கு. அங்கே வர்ணம் பூசிய காகிதக் கூடை ஒன்று பளபளவென்று கண்ணைப் பறித்தது. வாங்கிக் கொடுத்து, நம்முடைய சமயோசித புத்தியை நாமே மெச்சிக்கொண்டு படுத்து உறங்கினோம்.

மறுநாள் மாலை குழந்தை அழுதுகொண்டே வந்தாள். கூடையைப் பார்த்து எல்லோரும் வியந்தார்களாம். உபாத்தியாயினி அதை முன்வரிசையில் வைத்து, "எப்படிச் செய்தாய்? மற்றவர்களுக்குச் சொல்லு" என்று கேட்டாளாம். குழந்தைக்கு என்ன தெரியும்? விழித்திருக்கிறாள். பிறகு, "பாட்டி சொல்லிக் கொடுத்தாள்" என்று சொல்லிவிட்டாள். உடனே அந்த அம்மாள், "அப்படியானால் அடுத்த வாரம் பாட்டியை அழைத்து வா. வகுப்பு முழுவதுக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டாள்!

அழுத குழந்தையைப் பார்க்க நமக்கு முகமில்லை. பொய் சொன்னது அவள். ஆனால் பொய்யைக் காசு கொடுத்து வாங்கி அவள் கையில் கொடுத்தது யார்?

இங்கே நம் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பனார் காலமான பிறகு கிராமத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு நம்மோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாம் அவரை மிகவும் சௌகரியமாக வைத்திருப்பதாக நினைத்திருந்தோம். மாவு அரைக்க யந்திரம், துணி துவைக்க யந்திரம், பாத்திரம் துலக்க ஆள். அம்மா ஒரு துரும்பை எடுத்து அப்பால் போட வேண்டியதில்லை. அதனாலேயே, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். "என்னம்மா யோசனை?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பார். அந்த 'ஒன்றுமில்லை' எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தாயார் எழுந்து வந்தார். கடைக் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன பிரமாதம்? சித்திரை வெயிலில் வருஷத்துக்கு நாலு கூடை நான் போடுவேனே, உனக்கு ஞாபகமில்லையா?" என்றார். நமக்கு ஞாபகம் வந்தது. புழக்கடையில் கவிழ்த்த பானையும், வெந்தய வாசனையும், கிட்டே போனால் விழும் அடியும் ஞாபகம் வந்தன.

"அப்படியானால் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாயா, பாட்டி?" என்று குழந்தை ஆவலோடு கேட்டாள்.

"வருகிறேன், கண்ணு. ஆனால் முதலில் நீ போய் டீச்சரிடம் நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும். உன் அப்பாவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். பொய்க்குச் சாட்சி சொல்ல நான் வரமாட்டேன்" என்றார் தாயார்.

எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறோம். அந்த நாலு வரிக் கடிதத்தைப் போல் எதுவும் நம்மைத் தொந்தரவு செய்ததில்லை. மூன்று முறை கிழித்து எழுதினோம். 'சந்தர்ப்ப வசத்தால்' என்று ஆரம்பித்ததைத் தாயார் அடிக்கச் சொன்னார். "கடையில் வாங்கினேன் என்று எழுது, போதும்." அப்படியே எழுதினோம். அந்த உபாத்தியாயினியின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். குழந்தையைக் கடிந்துகொள்ளாமல், "பாட்டி எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்டு அனுப்பினாள்.

இனி, கூடை செய்யும் வகையைச் சொல்லுகிறோம். செலவு என்று பார்த்தால் ஒரு பிடி வெந்தயந்தான்.

பழைய செய்தித்தாள் சுமார் அரைக் கிலோ எடுத்துச் சிறு சிறு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். வழவழப்பான படக் காகிதம் உதவாது; அது லேசில் ஊறாது. தினம் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் நாற்றம் வராது. மூன்றாம் நாள் காகிதம் கையால் பிசைந்தாலே குழையும். முதல் நாள் இரவே தனியாக ஊற வைத்த வெந்தயத்தை வழவழவென்று அரைத்து, பிழிந்த காகிதத்தையும் அதோடு சேர்த்து அரைத்தால் தோசை மாவைவிடக் கெட்டியான கூழ் கிடைக்கும். வெந்தயத்தின் பசைதான் கூழைப் பிடித்து நிறுத்துவது. அதன் கசப்புக்குப் பூச்சியும் எளிதில் அண்டாது என்பார் தாயார்.

பிறகு ஒரு குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, கூழைக் கால் அங்குலக் கனத்துக்கு ஒரே சீராக அப்ப வேண்டும். விளிம்பில் மட்டும் கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கட்டும், உடைவது அங்கேதான். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் கூடை தானே கழன்றுகொள்ளும். துணியை உரித்துவிட்டு உட்புறத்தை இன்னொரு நாள் உலர்த்தி, வெந்தய விழுதில் மஞ்சள் தூள் குழைத்து உள்ளும் புறமும் பூசி மறுபடியும் காய வைத்தால் வேலை முடிந்தது. மூங்கில் முறத்தில் இடுக்கு விழுந்தால் நம் பாட்டிமார் இதே கூழைத்தான் பூசி அடைப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. செய்தித்தாளின் மையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டு. செய்தித்தாளில் உணவுப் பண்டங்களைப் பொட்டலம் கட்டக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ஆம் வருஷமே எச்சரித்தது. ஆகையால் இந்தக் கூடையில் பட்சணம் வைக்க வேண்டாம். தோலுரிக்காத வெங்காயம், பூண்டு, ஊசி நூல், கடிதங்கள் ஆகியவற்றுக்கு இது உத்தமம்.

இது ஏதோ ஏழை வீட்டுப் பண்டம் என்று யாரும் அலட்சியமாக எண்ண வேண்டாம். காசுமீரத்தில் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்று விளங்கும் சித்திரப் பெட்டிகள் காகிதக் கூழால் ஆனவைதாம். நவராத்திரிக் கொலுவில் எடை குறைந்து கனகம்பீரமாக வீற்றிருக்கும் பொம்மைகளிலும் பல காகிதக் கூழ்ப் பொம்மைகளே.

1937-ஆம் வருஷம் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், குழந்தைகளுக்கு ஒரு கைத்தொழிலின் மூலமாகவே படிப்பைப் புகட்ட வேண்டும் என்று மகாத்மா காந்தி சொன்னார். ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டத்தைப் பற்றி நாம் படித்திருக்கிறோம், அபிப்பிராயங்கூடச் சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் நமக்கு விளங்கியது என்னவோ, நம் பெண் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான்.

ஏனென்றால், முதல் கூடை கெட்டுப் போயிற்று. அதற்கு நாமே காரணம். மூன்று நாள் பொறுக்க மாட்டாமல் ஒரே நாளில் ஊறியது போதும் என்றோம். வெயிலில் வைக்கச் சோம்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். கூழ் திட்டுத் திட்டாக நின்றது. நாலாம் நாள் பூஞ்சைக் காளான் பூத்தது. கடையில் காசு கொடுத்தால் பொருள் உடனே கிடைக்கும். காகிதத்துக்கும் வெயிலுக்கும் அந்த நியாயம் தெரியாது. இரண்டாவது கூடையைக் குழந்தை ஒருத்தியே செய்தாள். பாட்டி வாயால் சொன்னாரே தவிர, கையால் தொடவில்லை.

குறித்த நாளில் தாயார் ஒரு வாளி கூழோடு பள்ளிக்கூடம் போனார். முப்பது குழந்தைகள் ஆளுக்கொரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு சூழ்ந்து உட்கார்ந்தார்களாம். திரும்பி வந்தபோது அவர் புடவையெல்லாம் கூழ். முகத்தில், ஒரு வருஷமாக நாம் காணாத களை. "கை காலெல்லாம் வலிக்கிறது" என்றார், பரம திருப்தியுடன்.

நம் பெண் செய்த கூடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை மேஜைமேல் வைத்திருக்கிறோம். "எப்படிச் செய்தாய்?" என்று யார் கேட்டாலும் அரை மணி நேரம் விடாமல் விளக்குகிறாள்; கேட்காதவர்களுக்கும் விளக்குகிறாள். கடைக் கூடை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் நம் வீட்டில் செய்தித்தாள் வந்தவுடன், "படித்தாகிவிட்டதா?" என்று தாயார் அவசரப்படுத்துகிறார். சென்ற வாரம் சமையலறையில் ஊறிக்கொண்டிருந்த தாள்களில் ஒன்று, நாம் மிகவும் சிரமப்பட்டு எழுதிய ஒரு கட்டுரையாயிருந்தது. முதலில் கொஞ்சம் மனம் புண்பட்டது. பிறகு ஆறுதல் அடைந்தோம். நம் எழுத்து யாரையாவது தாங்கிப் பிடித்ததா என்பது நமக்குத் தெரியாது. இப்போது இரண்டு கிலோ வெங்காயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அது நிச்சயம்.