சவர்க்காரக் கல்வெட்டு

மகளுக்கு வீட்டில் வைத்து எப்படிச் சரித்திரம் படிப்பித்தோம் என்று எழுதச் சொல்லி இன்பொக்ஸில் சில பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்த நாட்கள். மகள் ஆறாம் தரம். வட்ஸ்அப்பில் வரும் நோட்ஸைப் பார்த்தெழுதி எழுதி, சரித்திரம் என்றாலே முகம் சுளித்தாள். நாங்கள் இருவருமே படிப்பிக்கிறவர்கள். ஆசிரியர் கலாசாலையில் செயல்வழிக் கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானவர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் அதற்கெல்லாம் எங்கே நேரம்? ஒரு பிள்ளைக்காவது செய்து பார்ப்போம் என்று சைக்கிள்களைத் தட்டி எடுத்தோம்.

முதலில் டொக்யாட் வீதியில் உள்ள கடற்படை அருங்காட்சியகம். ஒல்லாந்தர் காலக் கட்டடம், 2013இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே இருந்ததை விடச் சுவர்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. சாண் போட்டு அளந்தாள். எங்கள் வீட்டுச் சுவரையும் அளந்து பக்கத்தில் எழுதினாள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பிரெடெரிக் கோட்டை. வாசலில் பாண்டியரின் இரட்டை மீன் சின்னம், பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டு. தினமும் எத்தனை பேர் மான் பார்க்கவும் கோயிலுக்கும் அந்த வாசலால் போகிறார்கள், நின்று பார்க்கிறவர்கள் குறைவு. கல்லில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, கொப்பியில் வரைய வைத்தோம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்று சொன்னோம். வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப எங்கட ஆக்கள் எங்க இருந்த?"

பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்விக்கு இடம் குறைவு. அதனால்தான் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குச் சரித்திரம் யாரோ வேறு ஆட்களின் கதையாகத் தெரிகிறது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து சொன்னோம்: 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். "அப்ப கோயிலும் நாங்களும் ஒரே ஆளிட்டத்தான் அடி வாங்கின" என்றாள். நாங்கள் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டில் சன்லைட் சவர்க்காரக் கட்டியும் ஆணியும் கொடுத்துப் பெயரைச் செதுக்கச் சொன்னோம். நேர்கோடு சுகமாக வந்தது, வளைவு உடைந்தது. பிராமி எழுத்து ஏன் கோடு கோடாக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. பிறகு காய்ந்த ஓலையில் ஆணியால் நேர்கோடு இழுத்தாள், ஓலை கிழிந்தது. ஓலைக்கு ஏன் வட்ட எழுத்து என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"டீச்சர்ட பிள்ளை பாடம் படிக்காம சவுக்காரம் கீறுதாம்" என்று கதை வந்தது. கணக்குக்கு இந்த வழி சரிவராது, அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். தவணைப் பரீட்சையில் சரித்திரப் புள்ளி பெரிதாக ஏறவுமில்லை. வினாத்தாள் ஆண்டைத்தானே கேட்கிறது.

நிலைமை சீரானதும் இரவு ரயிலில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடுங்கள், அது போதும் என்றாராம். அதைக் கேட்டதும் மகள் தூணைத் தடவிப் பார்த்தாள். (காவலாளி முறைத்தார்.)

உள்ளே காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டு என்று பொறித்து, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. ஒரே கல், மூன்று பேருக்கும் மரியாதை. தமிழ்ப் பக்கத்தில் சில எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் பிடித்துவிட்டாள். பாரசீகப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது, அது அவளுக்குக் கவலை. 1911இல் காலியில் இந்தக் கல் ஒரு மதகை மூடிக் கிடந்ததாம் என்றபோது அவள் நம்பவே இல்லை.

வந்ததும் புதுக் கட்டி ஒன்றில் தமிழ், சிங்களம், அரபு மூன்றிலும் தன் பெயரைச் செதுக்கினாள். மூன்று நாள் வேலை. நாலாம் நாள் உம்மும்மா அதை எடுத்துப் போர்வை தோய்த்துவிட்டார்.

அழுவாள் என்றுதான் நினைத்தோம். மிஞ்சிய துண்டைக் கழுவிக் காயவைத்து, கீழே ஒரு சீட்டு ஒட்டினாள்: "கிணற்றடியில் கண்டெடுக்கப்பட்டது. அரபுப் பக்கம் அழியவில்லை."