பாம்பன் கரையில் செம்பாசி

பாலாற்றங்கரையில் மாதனூரில் வசிக்கும் நமக்குச் சமுத்திரம் தூரத்து வஸ்து. நம் பிரதேசம் அறிந்த வித்தை தோல் பதனிடுதல். தோலை வர்ணம் பார்த்து மட்டும் யாரும் தரம் பிரிப்பதில்லை. தடவி, மடித்து, கனமறிந்த பிறகே இன்ன ரகமென்று சொல்வார்கள். சென்ற கோடை விடுமுறையில் இராமேசுவர யாத்திரை சென்று பாம்பன் கரையில் நின்றபோது, கடற்பாசிக்கும் அதே நியாயந்தான் என்பதைக் கண்டோம்.

கரையில் ஒதுங்கிக் கிடந்த கொத்துகளில் சில பழுப்பு, சில பச்சை, சில ஊதா. ஆயினும் இவற்றுள் பல, சாஸ்திரப்படி செம்பாசி வகுப்பையே சேர்ந்தவை. சிவப்பு நிறமி உள்ளே இருக்கிறது. வெயில் மிகுந்த ஆழமற்ற நீரில் அது குன்றிச் செடி வேறு வர்ணம் காட்டுகிறது. ஆகவே, புதிய பாசி ஒன்று அகப்பட்டால் நிறத்தை நம்பிப் பெயரிட முடியாது. பெண் செடியின்மேல் பருப்போலப் புடைத்திருக்கும் வித்துப்பைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்க வேண்டும். இக்காலத்தில் மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். பெயருக்கு ஆதாரமான செடியை உலர்த்திப் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

எதிரேயுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-இல் எழுதியவர் சென்னையைச் சேர்ந்த எம். ஓ. பி. ஐயங்கார். பாசி ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கு முன்னோடி அவரே.

கஞ்சிப் பாசிக்கு 1768-இல் க்மெலின் என்னும் ஐரோப்பியர் பெயரிட்டார். அன்று அது ‘பியூகஸ்’, பின்னர் ‘கிராசிலேரியா’, 2004-இல் சிலர் ‘ஹைட்ரோபன்டியா’வில் சேர்த்தனர், வேறு சிலர் ஒப்பவில்லை. பாம்பன் பெண்களுக்கோ அது என்றும் கஞ்சிப் பாசிதான். விரல்களில் துணி சுற்றி மூழ்கும் அவர்கள், ‘அகர்’ எடுக்க உதவும் அப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் நீருக்குள்ளேயே பிரித்தறிந்து பறிக்கிறார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட ‘காப்பாபைகஸ்’ என்னும் அந்நியச் செம்பாசி குருசடைப் பவழங்களின்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். மூடுண்ட பவழம் மடியும்; அதை அண்டிய மீனும் குறையும். நம் பாசி எது, வந்தேறி எது என்று அறிந்தவரன்றோ முதலில் எச்சரிக்க முடியும்?

அடுத்த புதுப் பாசியை விவரிக்கும் பண்டிதர்கள், லத்தீன் பெயருக்குப் பக்கத்தில் மூழ்கியெடுத்தவர் வழங்கும் தமிழ்ப் பெயரையும் எழுதி வைப்பார்களாக. இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் அக்கடலுக்குக் காவல் உண்டு.