எஞ்சினுக்குப் பொய் சொன்ன கதை



கொஞ்சம் நீளமான பதிவு. டர்போ வாகனம் வைத்திருக்கிற எங்கட ஊர்ச் சகோதரர்கள், குறிப்பாக "டியூன்" செய்யும் எண்ணத்தில் இருக்கிற தம்பிமார், கடைசி வரைக்கும் வாசியுங்கள். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடும் நாடு என்பதால் 1000 சீசீ டர்போ கார்கள் இங்கே நிறைய வந்தன. அப்படி ஒன்றைத்தான் நானும் லீஸிங்கில் எடுத்தேன். மாவனெல்லைக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் மாதாமாதம் உம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கூட்டிப் போகும்போது, கடுகண்ணாவ ஏற்றத்தில் ஐந்து பேரும் ஏசியுமாக வண்டி இழுக்கவே மாட்டாது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான்.

ஒன்லைனில் ஒரு டியூனிங் பொக்ஸ் கண்டேன். விலை 18,000 ரூபா. "30 வீதம் கூடுதல் பவர், நீங்களே பொருத்தலாம்" என்று போட்டிருந்தார்கள். வீடியோவைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் பொருத்தினேன். முதல் இரண்டு கிழமை சந்தோஷம்தான். ஸ்டாஃப் ரூமில் பெருமையும் அடித்தேன்.

மூன்றாவது கிழமை, அதே ஏற்றத்தில் வண்டி குலுங்கத் தொடங்கியது. எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னியது. "மகன், என்ன இது நடுங்குது?" என்று உம்மா பின்னால் இருந்து கேட்டார். ஓரம் கட்டி நிறுத்தினேன். அன்றைய கிளினிக் தவறிப் போனது. முச்சக்கர வண்டியில் ஏறி வீட்டுக்குத் திரும்பும் வரை உம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

கராஜில் நானா பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சேர், முதல்ல இதைக் கழற்றுவோம், பிறகு பேசுவோம்" என்றார். அவர் சொல்லித் தந்ததைத்தான் இனி எழுதுகிறேன்.

டர்போ எவ்வளவு அமுக்கத்தில் காற்றைத் தள்ளுகிறது என்று ஒரு சென்சர் அளந்து, எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இந்தப் பொக்ஸ் நடுவில் இருந்துகொண்டு அந்த அளவைக் குறைத்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி அமுக்கத்தைக் கூட்டுகிறது. என்னுடைய ஸ்பார்க் ப்ளக்குகளோ ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டித் தேய்ந்தவை. அமுக்கம் கூடும்போது தேய்ந்த ப்ளக்கில் தீப்பொறி ஒழுங்காகப் பாயாது. அதுதான் குலுக்கம். லைட் நிலையாக எரிந்தால் விரைவில் காட்டவேண்டும். மின்னினால் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்தவேண்டும். எரியாத பெற்றோல் சைலன்சர் வழியில் உள்ள கெற்றலிட்டிக் கன்வேட்டருக்குப் போய் அதைச் சூடாக்கி நாசமாக்கும்.

பிறகு நானா ஸ்கேனரைப் போட்டு இன்னொன்றையும் காட்டினார். என் எஞ்சின் 95 ஒக்டேனுக்குச் செய்யப்பட்டது. பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. நான் அடித்து வந்தது 92. ஒக்டேன் என்பது பவர் இல்லை. அமுக்கத்தில் பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவுதான் அது. குறைந்த ஒக்டேனில் எஞ்சின் தட்டத் தொடங்கும். அதைத் தவிர்க்கக் கம்ப்யூட்டர் தீப்பொறியைப் பிந்திக் கொடுக்கும். அதனால்தான் ஏற்றத்தில் இழுவை இல்லை. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததை நான் குறையென்று நினைத்து, அதன் காவலையும் ஏமாற்றியிருக்கிறேன். (92 போதும் என்று எழுதியிருக்கிற வண்டிக்கு 95 அடித்துக் காசைக் கரைக்காதீர்கள்.)

ப்ளக், எயார் ஃபில்டர், 95 பெற்றோல். என் "டியூன்" அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் டியூன் வேண்டும் என்பவர்களுக்கு, நான் கேட்டறிந்தவை:

1. ஸ்கேனர் சொக்கெட்டில் செருகும் மலிவான "பவர் சிப்" பலவற்றில் மினுங்கும் பல்பைத் தவிர ஒன்றும் இல்லை.

2. செய்வதென்றால் ரீமெப், அதிலும் ஸ்டேஜ் 1 மட்டும். அது பாகங்களை மாற்றாமல் கம்ப்யூட்டரின் கணக்கையே திருத்துவது. ஸ்டேஜ் 2 என்றால் இன்டர்கூலர், சைலன்சர் என்று செலவு நீளும். குடும்ப வண்டிக்குத் தேவையில்லை.

3. வெளிநாட்டு ஃபைலை அப்படியே ஏற்றுபவரிடம் போகவேண்டாம். அங்கே 98 ஒக்டேனுக்கு எழுதியது இங்கே எங்கட பெற்றோலுக்கும் வெயிலுக்கும் சரிவராது. முதலில் வண்டியைப் பரிசோதித்து, ஏற்றியபின் ஓட்டிப் பார்த்து, எஞ்சின் தட்டுகிறதா என்று லெப்டொப்பில் பதிவு எடுத்துக் காட்டுபவரிடம் போங்கள். பழைய ஃபைலின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

4. சீவீடீ கியர் என்றால் இன்னும் யோசியுங்கள். அதன் பெல்ட் தாங்கும் முறுக்குவிசைக்கு ஓர் எல்லை உண்டு. எஞ்சின் தாங்கினாலும் கியர்பொக்ஸ் தாங்காமல் போகலாம்.

5. சிறிய டர்போ எஞ்சினுக்கு ஒயிலும் முக்கியம். டப்பாவில் ஏபிஐ எஸ்பி தரம் என்று இருக்கிறதா பாருங்கள். 2020இல் வந்த தரம் அது. குறைந்த வேகத்தில் அதிக பாரம் இழுக்கும்போது வரும் முன்கூட்டிய வெடிப்பைத் தடுக்கிறதா என்று சோதித்தே அந்தத் தரம் கொடுக்கப்படுகிறது.

6. இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் அறிவியுங்கள். மறைத்தால் விபத்து நாளில் பேச வாய் இருக்காது. வருடாந்தப் புகைப் பரிசோதனையும் நினைவில் இருக்கட்டும்.

நானா கடைசியாகச் சொன்னது: "சேர், காசை வாங்க முந்தி வண்டிய பார்க்கிறவன்கிட்ட போங்க." பொக்ஸ் விற்றவர் என் வண்டியைக் கண்டதே இல்லை.

போன கிழமை மறுபடி கண்டிக்குப் போனோம். கடுகண்ணாவையில் கண்ணாடியில் பார்த்தேன். உம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.